ஒரு ரப்பர் மூடி இல்லாததால மூணு நாள்

எனக்கு சட்டுனு கோவம் வராது. ஆனா போன சனிக்கிழமை காலையில காரோட பின் சக்கரத்தைக் கழட்டிட்டு உள்ள எட்டிப் பார்த்தப்ப வந்துச்சு பாருங்க ஒரு கோவம்!

காரணம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் மூடி. இருக்க வேண்டிய இடத்துல அது இல்ல.

முதல்ல இருந்து சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பிரேக் ஆயில் மாத்துறது என் வழக்கம். (எல்லாரும் பிரேக் ஆயில்னுதான் சொல்றோம். ஆனா அது எண்ணெயே கிடையாது. கிளைக்கால் வகைத் திரவம். டப்பாவுல டாட் 3, டாட் 4-ன்னு போட்டிருக்கும். காத்துல இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கும், அதுக்குத்தான் மாத்தணும். ஆயில்னு பேர் இருக்கேன்னு யாரும் இன்ஜின் ஆயிலை ஊத்திடாதீங்க. உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போயி பிரேக்கே பிடிக்காது.)

மாத்துறதுக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். பிளீடர் நிப்பிள். நம்ம ஊர் மெக்கானிக்குங்க 'ஏர் எடுக்கிற நிப்பிள்'னு சொல்வாங்க. நடுவுல ஓட்டை உள்ள ஸ்க்ரூ அது. கால் சுத்து லூஸ் பண்ணினா பழைய ஆயில் அந்த ஓட்டை வழியா வெளிய வரும். அந்த ஓட்டைக்குள்ள தண்ணியும் மண்ணும் போகாம இருக்கத்தான் மேல ரப்பர் மூடி.

போன தடவை எனக்கு நேரம் அமையல. வெளிய குடுத்து மாத்தினேன். அங்க மூடியைக் கழட்டினவங்க திருப்பி மாட்டவே இல்ல. ரெண்டு மழைக்காலம் அப்படியே ஓடியிருக்கு.

அதுவும் எங்க ஊர்ல!

எங்க ஊர் தூத்துக்குடி. மொட்டைமாடியில நின்னா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காலையில கார் கண்ணாடியில விரல் வச்சு நக்கிப் பார்த்தீங்கன்னா கரிக்கும். (சின்ன வயசுல நக்கியிருக்கேன்.) உப்பு காத்துல இருக்கிற ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். உப்புத்தண்ணி பட்ட இரும்பு வெறும் தண்ணி பட்ட இரும்பைவிட சீக்கிரமா துருப்பிடிக்கும். இந்த ஊர்ல பதினாலு வயசுக் காரை வச்சிருக்கிறவனுக்கு ரப்பர் மூடின்னா சும்மா இல்லைங்க.

பின் இடது சக்கரம். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கிறதுன்னு அங்கதான் ஆரம்பிச்சேன். 8 மில்லி ஸ்பேனரை மாட்டி மெதுவா ஒரு இழுப்பு. அசையல. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அசையல.

அங்கயே நிறுத்திட்டேன்.

நிறுத்தினதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2016-ல நடந்தது.

அப்ப எனக்கு வேற கார். ஷாக் அப்சார்பர் மாத்தணும். கீழ் போல்ட்டு 10 மில்லி, நல்லா துரு. ஸ்பேனருக்கு அசையலைன்னதும் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஜி.ஐ. பைப் ஒண்ணை ஸ்பேனர் வால்ல சொருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். திடீர்னு சுத்த ஆரம்பிச்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா அந்தச் சுத்துல ஏதோ சரியில்ல. கழலுற போல்ட்டு 'டிக்'குனு ஒரு சத்தத்தோட விடும், அதுக்கப்புறம் சுலபமா வரும். இது சத்தமே இல்லாம, சவ்வு மிட்டாயை இழுக்கிற மாதிரி கொழகொழன்னு வந்துச்சு. ரெண்டு செகண்டுதான். 'படார்'னு தலை தனியா கையில வந்துடுச்சு. மிச்சம் உள்ளயே நின்னுடுச்சு. அதை எடுக்க லேத் பட்டறைக்குப் போயி ஒரு நாள் முழுக்க ஆச்சு.

அந்த சவ்வு மிட்டாய் மாதிரியான உணர்வை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. மரை விடுறப்ப அப்படி இருக்காது. போல்ட்டே முறுக்கிக்கிட்டு நீளுறப்பதான் கைக்கு அப்படித் தெரியும். அந்த நொடியில கையை எடுத்துட்டா இன்னும் பிழைக்க வழி இருக்கு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். போல்ட்டு தலையில 8.8-ன்னு பொறிச்சிருந்துச்சு. முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ இழுத்தா அறுந்துடும்னு சொல்லுது. புள்ளிக்கு அப்புறம் வர்ற 8, அதுல 80 சதவீதம் தாண்டினாலே நீண்டது நீண்டதுதான், திரும்பாதுன்னு சொல்லுது. அந்த மாதிரி 10 மில்லி போல்ட்டை முறைப்படி இறுக்க ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர் போதும். 25 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில 20 கிலோ தொங்கவிட்டா அந்தக் கணக்கு வந்துடும். அதையே ஒரு மீட்டர் பைப் நுனியில பார்த்தா வெறும் 5 கிலோ!

நான் அன்னைக்கு அந்தப் பைப்புல 30 கிலோவாவது போட்டிருப்பேன். தேவையானதைப் போல ஆறு மடங்கு. அறுந்து போகாம என்ன செய்யும்?

வீல் நட்டுக்கு பைப் சொருகுறது வேற. அது நல்ல தடி ஸ்டட்டு, தாங்கும். ஆனா பிளீடர் நிப்பிள் நடுவுல ஓட்டை உள்ளது, உள்ள சதையே கிடையாது. இறுக்குறதே 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். அதுக்குப் பைப்பைச் சொருகினா போச்சு.

அதனால ஸ்பேனரைக் கீழ வச்சுட்டு, ரெண்டு வீடு தள்ளி இருக்கிற அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி மீன்பிடி விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். நாப்பது வருஷமா. யோசிச்சுப் பாருங்க, கார் மெக்கானிக் பார்க்கிற துரு உப்புக்காத்துல வர்ற துரு. அவர் பார்க்கிறது கடலுக்குள்ளயே கிடந்து வர்ற துரு. துரு விஷயத்துல இந்த ஊர்ல அவரைவிடத் தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு நான் நம்பல.

வந்தார். குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தார். முதல் கேள்வி:

"இழுத்துட்டியளா?"

"லேசாத்தான் அண்ணாச்சி. ரெண்டு தரம்."

"நல்லவேளை. இனிமே இழுக்காதிய. மொதல்ல தட்டுங்க. தட்டிட்டு ஊத்துங்க. ஊத்திட்டு வீட்டுக்குள்ள போயி படுங்க."

அவ்வளவுதான் வைத்தியம். ஆனா இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கு.

இரும்பு துருவா மாறினா இடத்தை அதிகமா அடைக்கும். ரெண்டு மடங்குக்கும் மேல. மரைக்கும் மரைக்கும் நடுவுல இருக்கிறதே மயிரிழை சந்து. அதுக்குள்ள இந்தத் துரு வீங்கி உக்காந்து ஆப்பு வச்ச மாதிரி ஆயிடும். அப்படி அடைச்சுக்கிட்டா நீங்க என்ன ஊத்தினாலும் உள்ள போகாது. அதனாலதான் முதல்ல தட்டணும். தட்டினா அந்தத் துருப் படலத்துல மெல்லிய விரிசல் விழும். எண்ணெய் அந்த விரிசல் வழியா, விளக்குத் திரியில ஏறுற மாதிரி தானா உள்ள ஏறும். ஏறுறதுக்கு நேரம் வேணும். அதுக்குத்தான் படுக்கச் சொல்றது.

என்ன ஊத்துறது?

நம்மள்ல பாதிப் பேர் டபிள்யூ.டி. 40-ஐத்தான் எடுப்போம். நானும்தான். அதோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1953-ல அமெரிக்காவுல சான் டியாகோவுல ராக்கெட் கெமிக்கல் கம்பெனின்னு ஒரு சின்னக் கம்பெனி. உலோகத்துல ஈரம் தங்கவிடாம தண்ணியை விலக்கித் தள்ளுறதுக்கு ஒரு திரவம் கண்டுபிடிக்கிறாங்க. நாப்பதாவது முயற்சியில சரியா வந்ததாம், பேர்ல இருக்கிற 40 அதுதான். அட்லஸ் ஏவுகணையோட வெளித்தகடு துருப்பிடிக்காம இருக்க அதைத்தான் பயன்படுத்தினாங்க.

(நம்ம குலசையில, அதாங்க குலசேகரப்பட்டினத்துல, ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க இல்லையா. அந்தச் செய்தியைப் படிச்சதும் எனக்கு வந்த முதல் நினைப்பே இதுதான்: கடலை ஒட்டி இவ்வளவு இரும்பை வச்சு எப்படிக் காப்பாத்தப் போறாங்க? அங்க துருவைப் பார்த்துக்கிற வேலைன்னு ஒண்ணு இருந்தா அந்த ஆளைப் பார்த்துப் பேசணும்னு ஆசை.)

விஷயத்துக்கு வரேன். அந்த டப்பா தண்ணியை விலக்க வந்தது. வீங்கிப்போன துருவுக்குள்ள ஊடுருவறதுக்குன்னே செஞ்ச பெனட்ரேட்டிங் ஆயில் தனியா கிடைக்குது. ரொம்பப் பிடிச்சுக்கிட்டதுக்கு அதுதான் நல்லதுன்னு என் அனுபவம் சொல்லுது. அண்ணாச்சி ஆளுங்க டீசல் ஊத்துவாங்க, அந்தக் காலத்துல மண்ணெண்ணெய். அதுவும் வேலை செய்யும், நாள் கொஞ்சம் கூட ஆகும்.

பிரேக்குல இதை அடிக்கிறப்ப மட்டும் ஒண்ணு. டிரம்முக்குள்ள, ஷூ மேல, டிஸ்க் மேல ஒரு சொட்டு கூடப் படக்கூடாது. நான் ஸ்ப்ரே அடிக்கல. டப்பா மூடியில கொஞ்சம் பிடிச்சு, காது குடையிற பட்ஸ்ல தொட்டு நிப்பிளோட அடியில மட்டும் வச்சேன்.

சனிக்கிழமை: ஒயர் பிரஷ்ஷால நிப்பிளைச் சுத்தி இருந்த துருவைத் தேய்ச்சு எடுத்தேன். ஓட்டைக்குள்ள மண்ணும் துருவும் கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு, மெல்லிய கம்பியால குத்திக் குத்தி வெளிய எடுத்தேன். அப்புறம் தட்டினேன், எண்ணெய் தொட்டேன். சாயங்காலம் மறுபடி தட்டு, மறுபடி தொடு.

இந்தத் தட்டுறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அண்ணாச்சி காட்டினது. நிப்பிள் வாய் மேல நேரா சுத்தியல் வச்சா வாய் நசுங்கிடும். ஓட்டைக்குச் சரியாப் பொருந்துற டிரில் பிட் ஒண்ணைத் தேடி எடுத்து, அதோட மொழுமொழுன்னு இருக்கிற பின்பக்கத்தை உள்ள விடணும். தளர்வா ஆடக்கூடாது, பிடிச்சும் நிக்கக்கூடாது. அது அடியில போயி உக்காந்ததும் மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பக்கத்துல சின்னச் சுத்தியலால டொக் டொக் டொக். ஓங்கி அடிக்கவே கூடாது, தேங்காயைத் தட்டிப் பார்ப்போமே அந்த அளவு. அதிர்வு நேரா மரைக்கே போகும். இன்னொரு லாபம், பிட்டை உள்ள வச்சபடியே திருகினா நடுவுல ஓட்டையா இருக்கிற நிப்பிள் நசுங்காது.

ஞாயித்துக்கிழமை முழுக்க தட்டினேன், தொட்டேன். இழுக்கவே இல்ல. வீட்டுக்கு வந்த மாமா "காருக்கு என்ன, மருந்து போட்டுக்கிட்டு இருக்கியா?"ன்னார். ஆமான்னேன்.

சூடு பண்ணலாமேன்னு நீங்க கேக்கலாம். கேக்கணும், நல்ல கேள்வி. வேற இடமா இருந்தா முதல் வேலையா அதைத்தான் செஞ்சிருப்பேன். 10 மில்லி ஓட்டை உள்ள இரும்பை 300 டிகிரி சூடேத்தினா ஓட்டை 0.036 மில்லி விரியும். தலைமுடி தடிமன்ல பாதி. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா துரு உடைய அது தாராளம். நட்டைத்தான் சூடேத்தணும், போல்ட்டை இல்ல. நட்டு விரியணும், உள்ள இருக்கிறது விரியக்கூடாது. சூடா இருக்கிறப்ப மெழுகுவத்தியை மரை மேல வச்சா உருகி உள்ள இழுத்துக்கும், ரொம்ப அழகா வேலை செய்யும். சைலன்சர் நட்டு ரெண்டை நான் அப்படித்தான் எடுத்தேன்.

ஆனா பிரேக் பக்கத்துல நெருப்பு வேண்டவே வேண்டாம். உள்ள ரப்பர் கப் இருக்கு, ஆயில் இருக்கு, அது தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்க் பக்கமும் கூடாது, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் பக்கமும் கூடாது. முக்கியமா, பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல நெருப்பைக் காட்டாதீங்க. சில கிளீனர்ல குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், சூடு பட்டா ஃபாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போர்ல ஆளைக் கொன்ன வாயு அது.

திங்கட்கிழமை. வேலைக்குப் போறதுக்கு முந்தி, காலை ஆறு மணி.

இந்தத் தடவை ஸ்பேனர் எடுக்கல. ஆறு மூலை சாக்கெட். பன்னெண்டு மூலை ரிங் ஸ்பேனர் மாட்டுறதுக்கு சுலபம், ஆனா போல்ட்டோட முனையை ஒட்டித்தான் பிடிக்கும். துருப்பிடிச்ச தலையில அந்த முனைதான் முதல்ல மழுங்கும், அப்புறம் ரவுண்டு ஆயிடும். ஆறு மூலை சாக்கெட் முகத்தோட நல்லாப் பதிஞ்சு பிடிக்கும். டூல் செட்டு வாங்கப் போறவங்க எண்ணிப் பார்த்து வாங்குங்க. எண்ணிக்கை ஆறா இருந்தா வாங்கிடுங்க.

இன்னொண்ணு, எந்தப் பக்கம் திருகுறோம்கிறது. சிரிக்காதீங்க. நிப்பிள் டிரம்முக்குப் பின்னாடி இருக்கு, நான் பக்கவாட்டுல மல்லாந்து படுத்திருக்கேன், கண்ணு ஒரு திசையில, போல்ட்டு தலை ஒரு திசையில. பின்னாடி இருந்து பார்த்தா எல்லாமே மாத்தித் தெரியும். லூஸ் பண்றதா நினைச்சு இறுக்கியே அறுத்துட்டவங்க நிறைய. வலது கையை மூடி, கட்டைவிரலை போல்ட்டு வெளிய வர வேண்டிய திசையில நீட்டுங்க. மத்த விரல் மடங்கியிருக்கிற பக்கமாத் திருகணும். படுத்திருந்தாலும் தலைகீழா இருந்தாலும் இது மாறாது. (எதிர் மரைக்கு மட்டும் இது சேராது. சைக்கிளோட இடது பெடல், அசிட்டிலின் சிலிண்டர் எல்லாம் எதிர் மரை.)

அண்ணாச்சி சொன்ன மாதிரி முதல்ல இறுக்குற பக்கம் ஒரே ஒரு அணு அளவு. "இறுக்குற பக்கம் லேசா அசைஞ்சாப் போதும், துரு ஒடைஞ்சிரும்லா"ன்னார். அப்புறம் லூஸ் பக்கம். மறுபடி இறுக்கம். கையில ராட்செட்டோட கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு, வாலைப் பிடிக்காம. வாலைப் பிடிச்சா பலம் கூடிடும்.

ஏழாவது தரமோ எட்டாவது தரமோ.

டிக்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுறதுன்னு தெரியல. வறுத்த வேர்க்கடலைத் தோலை உடைச்சா வருமே, அவ்வளவு சின்னச் சத்தம். உள்ளங்கையில தெரிஞ்சுது. அப்படியே காருக்கு அடியில படுத்தபடி ஒரு நிமிஷம் சிரிச்சேன்.

உடனே முழுக்கத் திருகிடல. கால் சுத்து வெளிய, அரைக்கால் சுத்து உள்ள, ஒரு சொட்டு எண்ணெய். மறுபடி வெளிய, மறுபடி உள்ள. பிடிச்சுக்கிட்டு வந்த போல்ட்டை ஒரே இழுப்புல வெளிய கொண்டுவந்தா, உடைஞ்ச துருத்தூள் மரையில சிக்கி மறுபடி இறுகிடும். விட்டுப் பிடிக்கிறதுதான் வழி.

அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

பிரேக்குல ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும். எங்க வீட்டுல பெடல் மிதிக்கிறது அம்மாதான். அறுபத்தாறு வயசு, கார் ஓட்டத் தெரியாது, ஆனா இந்த வேலையில அவங்களை மிஞ்ச ஆள் இல்ல. பழசை எடுத்துட்டுப் போட்ட புது நிப்பிள்ல, உள்ள தெரியிற டியூப் ஒண்ணை மாட்டி மறுமுனையை பாட்டிலுக்குள்ள விட்டேன்.

"அழுத்தும்மா."

"அழுத்திட்டேன்."

"பிடிச்சுக்க, விட்டுடாத." நிப்பிளைத் திறந்தேன்.

"கீழ போயிட்டுடே."

"அப்படியே வச்சிரு." மூடினேன். "இப்ப விடு."

நான் மூடுறதுக்கு முந்தி ஒரு தரம்கூட அவங்க காலை எடுக்கல. எடுத்திருந்தா காத்து உள்ள போயிருக்கும். முதல்ல வந்தது டிக்காஷன் நிறத்துல இருந்துச்சு. பத்துப் பன்னெண்டு தரம் ஆனதும் இளம் மஞ்சளா, தெளிவா, குமிழி இல்லாம வந்துச்சு. எண்ணெய் ஏதாவது மரை வழியா ஒட்டியிருந்தாலும் இதோட வெளிய வந்திருக்கும், திரவம் உள்ள இருந்து வெளிய பாயிறதுதானே. அம்மா காலுக்கடியில பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு.

பழைய நிப்பிளை மறுபடி போட எனக்கு மனசில்ல. சர்வீஸ் புத்தகத்துல இருந்த அளவைக் காட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில அதே அளவுல புதுசு வாங்கியிருந்தேன், ஞாயித்துக்கிழமையே. கூடவே நாலு ரப்பர் மூடி. டீ, வடை செலவுகூட ஆகல. மூடியை மாட்டுறதுக்கு முந்தி அதுக்குள்ள ஒரு பொட்டு சிலிகான் கிரீஸ் வச்சேன். ரப்பருக்கு ஆகாத சாதா கிரீஸ் இல்ல, சிலிகான். மத்த போல்ட்டுகளுக்கு, ஷாக் அப்சார்பர், பிராக்கெட் மாதிரி இடத்துல, கழட்டினா காப்பர் கிரீஸ் தடவாம நான் திருப்பிப் போடுறதில்ல. அதைத் தடவினா மரை வழுக்கும், அதனால வழக்கத்தைவிட கொஞ்சம் கம்மியா இறுக்கணும்.

சாயங்காலம் அண்ணாச்சிக்கு பழைய நிப்பிளைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரல்ல உருட்டிப் பார்த்தார். மரையில நடுவுல மூணு சுத்து மட்டும் கருஞ்சிவப்பா இருந்துச்சு, ரெண்டு ஓரமும் எண்ணெய் ஊறி மினுமினுன்னு. "இந்தா பாத்தியளா, இம்புட்டுத்தான் பிடிச்சிருக்கு"ன்னார். மூணே மூணு சுத்து.

பின் வலது சக்கரத்துலயும் மூடி இல்ல. அதையும் பார்த்துட்டேன். இந்தத் தடவை ஸ்பேனரை இன்னும் மாட்டவே இல்ல. நேத்து ராத்திரி தட்டி முதல் சொட்டு விட்டாச்சு, இன்னைக்கு ராத்திரி ரெண்டாவது. சனிக்கிழமை காலையில அம்மாவுக்கு வேற வேலை வைக்க வேண்டாம்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்.